பத்தில் ஒரு ஆட்டம்

ரேங்க் ஏன் ஏறவில்லை என்று திண்டுக்கல்லில் எந்தப் பையனைக் கேட்டாலும் மூன்றே மூன்று பதில்தான் வரும். போன் சரியில்லை. நெட் சரியில்லை. டீம்மேட் சரியில்லை. காலையில் வத்தலக்குண்டு பக்கமிருந்து வரும் பஸ்ஸில் காலேஜ் பையன்கள் பேசுவதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள், இந்த மூன்றும் மாறி மாறி வரும். நாலாவதாக ஒரு பதில் இருக்கிறது. அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள் :-)

முதலில் விளையாடாதவர்களுக்காக ஒரு பாரா (விளையாடுகிறவர்கள் தாண்டிப் போகலாம்). பிஜிஎம்ஐ என்றால் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா. ஒரு தீவில் 100 பேர் பாராசூட்டில் குதிப்பார்கள். நாலு பேர் ஒரு ஸ்குவாட், ஆக 25 ஸ்குவாட். எரங்கல் என்கிற மேப் எட்டுக்கு எட்டு கிலோமீட்டர். கிடைக்கிற துப்பாக்கியைப் பொறுக்கிக் கொண்டு, சுருங்கிக் கொண்டே வரும் வட்டத்துக்குள் கடைசி வரை உயிரோடு இருக்கிற ஸ்குவாட்டுக்கு சிக்கன் டின்னர். முழு ஆட்டம் ஏறக்குறைய அரை மணி நேரம். முடிந்ததும் எவ்வளவு நேரம் தாக்குப் பிடித்தீர்கள், எத்தனை பேரை பினிஷ் செய்தீர்கள் என்று பார்த்துப் புள்ளி ஏறும், இல்லை இறங்கும். பிரான்ஸ் (நாடு இல்லைங்க, வெண்கலம்), சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைமண்ட், கிரவுன், ஏஸ் என்று படிகள். ஏஸைத் தொட 4200 புள்ளி. அதற்கும் மேலே ஏறி, சர்வரிலேயே முதல் 500 பேருக்குள் வந்தால் கான்குவரர். இப்படி ஏறுவதற்குப் பெயர்தான் ரேங்க் புஷ்.

சரி, விஷயத்துக்கு வரலாம். பி.காம் இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு பையன் என்று வைத்துக் கொள்ளுங்கள். வீடு நாகல் நகர். டைமண்டில் நிற்கிறான், கிரவுனுக்குப் போக வேண்டும். நடுவில் 500 புள்ளி. நல்ல ஆட்டம் ஒன்றுக்கு 20 புள்ளி ஏறுகிறது, மோசமான ஆட்டம் ஒன்றுக்கு 20 இறங்குகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்ளலாம். (நிஜத்தில் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். கணக்கு புரிவதற்காகத்தான் இந்த 20.)

பத்து ஆட்டத்தில் 6 நல்லது, 4 மோசம் என்றால் 120 வரவு, 80 செலவு. கையில் நிற்பது 40. 500 சேர 125 ஆட்டம் ஆட வேண்டும். ஆட்டத்துக்கு 25 நிமிஷம் போட்டால் 52 மணி நேரம்.

இப்போது பத்தில் 7 நல்லது, 3 மோசம் என்று மாற்றுங்கள். 140 வரவு, 60 செலவு. நிற்பது 80. 63 ஆட்டம் போதும். 26 மணி நேரம்.

திரும்ப ஒரு தடவை பாருங்கள். அவன் சுடுவதில் புதிதாக எதுவும் கற்றுக் கொள்ளவில்லை. பத்தில் ஒரே ஒரு மோசமான ஆட்டம் நல்லதாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நேரம் சரிபாதி. மிச்சமாகிற 26 மணி நேரத்தில் காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பருக்கு முழுசாகவே படித்து விடலாம். பத்துக்கு 5 என்று இருப்பவனுக்கோ நிற்பது பூஜ்யம். அவன் சீசன் முழுக்க ராத்திரி பகலாக ஆடினாலும் நின்ற இடத்திலேயே நிற்பான். போன் மாற்றினாலும் நிற்பான்.

"சீக்கிரம் செத்தா 25 நிமிஷம் ஆகாதே?" என்று யாராவது கேட்பார்கள். வாஸ்தவம். ஆனால் செத்தவுடனே அடுத்த ஆட்டத்துக்கு ஸ்டார்ட் அமுக்குகிறான் பாருங்கள், அங்கேதான் வினையே ஆரம்பிக்கிறது.

பெரும்பாலானவர்கள் நல்ல ஆட்டத்தை இன்னும் நல்ல ஆட்டமாக மாற்றத்தான் பாடுபடுகிறார்கள். யூடியூபில் யாரோ ஒருவருடைய சென்சிடிவிட்டி கோடைத் தேடி எடுத்துப் போடுவது, இரண்டு விரலிலிருந்து நாலு விரலுக்கு மாறுவது, டிடிஎம்மில் போய் மணிக்கணக்கில் சுட்டுப் பழகுவது. எல்லாம் வேண்டியதுதான், தப்பில்லை. டிடிஎம் நாலுக்கு நாலு, முதலில் 40 பினிஷ் எடுக்கிற பக்கம் ஜெயிக்கும், கை பழக அதை விட நல்ல இடம் கிடையாது. ஆனால் மோசமான ஆட்டங்கள் எல்லாம் கை பழகாததால் வருகிறவை இல்லை. அவற்றில் பாதிக்கு மேல் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே மோசமாகி விட்டவை.

எப்படி என்றால், ராத்திரி பதினொன்றரை. 18-வது இடத்தில் அவுட். யாரோ புல்லுக்குள் படுத்திருந்து பின்னாலிருந்து அடித்து விட்டான். மைனஸ். "மாப்ள, இன்னொண்ணு போடுறா, இதை எடுத்துட்டுப் படுப்போம்" என்கிறது ஒரு குரல். அந்த இன்னொன்றில் போச்சிங்கியில் நேராகக் குதிக்கிறார்கள், கோபத்தில். அங்கே இன்னும் நாலு ஸ்குவாட் குதிக்கிறது. துப்பாக்கி கிடைத்தவன் பிழைத்தான், கிடைக்காதவன் லாபிக்குத் திரும்பினான். மறுபடியும் மைனஸ். "இது கணக்கு இல்ல, இன்னொண்ணு." மணி ஒன்று. விட்டதைப் பிடிக்கப் போகிற ஆள் சீட்டுக்கட்டு மேசையிலும் உண்டு, ஷேர் மார்க்கெட்டிலும் உண்டு. போன பணம் போனதுதான், இனிமேல் எடுக்கிற முடிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பி.காம் புத்தகத்திலேயே இருக்கிறது. சங்க் காஸ்ட் என்று இரண்டு மார்க் கேள்விக்கு அழகாக எழுதுகிற அதே பையன்தான் ராத்திரி ஒரு மணிக்கு மறுபடியும் ஸ்டார்ட் அமுக்குகிறான்.

தொடர்ந்து இரண்டு மைனஸ் வந்தால் அன்றைக்குக் கடை மூடப்பட்டது. இந்த ஒரு விதியைப் போட்டுக் கொண்டாலே பத்தில் அந்த ஒரு ஆட்டம் பெரும்பாலும் கிடைத்து விடும். சொல்வது சுலபம், செய்வது மகா கஷ்டம் என்பது வேறு விஷயம்.

போன் விஷயத்தைச் சுருக்கமாக முடித்து விடலாம். சார்ஜ் போட்டுக் கொண்டே ஆடாதீர்கள். சித்திரை வைகாசியில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையில் உட்கார்ந்தால் ஃபேன் காற்றே அனல்தான். சூடானால் போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும், சரியாகக் கடைசி வட்டத்தில் படம் திக்கும். கிராஃபிக்ஸைக் குறைத்து வைத்து, சாயங்காலம் ஆடினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பேட்டரி பத்து சதவீதத்தில் இருக்கும்போது, இல்லை அம்மா சாப்பிடக் கூப்பிட்டு இரண்டு தடவை ஆன பிறகு, ஆட்டம் தொடங்கக் கூடாது. மூன்றாவது தடவை அம்மா நேரில் வருவார்கள். நடுவில் போனை வைத்தால் மைனஸ் உங்களுக்கு மட்டும் இல்லை, மற்ற மூன்று பேருக்கும்தான்.

அடுத்தது டீம்மேட். இங்கேதான் தமிழ்நாட்டுப் பையன்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல். தனியாகப் போய் ஸ்டார்ட் அமுக்கினால் யாரோ மூன்று பேரோடு ஆட்டம் கோத்து விடும். அந்த மூன்று பேர் பாட்னாவிலும் இருக்கலாம், இந்தூரிலும் இருக்கலாம். பேச்சு முழுக்க இந்தி. "பீச்சே! பீச்சே!" என்று அலறுவான். பின்னால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். திண்டுக்கல் பையனுக்கு, இந்த ஊரில் ஏதுடா பீச்சு என்று யோசித்து முடிப்பதற்குள் முதுகில் குண்டு. இவன் பதிலுக்கு "டேய் அந்த மொட்டை மாடில ரெண்டு பேர் இருக்காய்ங்கடா" என்று கத்துவான். அவனுக்கு அது ஏதோ பாட்டு மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் நல்ல ஆட்டக்காரர்களே, இரண்டு பேரும் செத்துப் போவார்கள். பிறகு இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக் கொள்வார்கள். திட்டு மட்டும் எந்த மொழியிலும் புரிந்து விடுகிறது.

இதற்கு வழி திரையிலேயே இருக்கிறது. மேலே ஒரு திசைகாட்டிப் பட்டை ஓடும், 0-லிருந்து 360 வரை எண்கள். 'த்ரீ தர்ட்டி' என்றால் காஷ்மீரிலும் த்ரீ தர்ட்டிதான், கன்னிவாடியிலும் த்ரீ தர்ட்டிதான். எண், எத்தனை பேர், எதில் இருக்கிறார்கள். 'த்ரீ தர்ட்டி, டூ, ரூஃப்'. மூன்றே சொல். அதோடு மார்க்கர் போடத் தெரிந்தால் இந்தி தெரியாமலே வருஷக்கணக்கில் ஆடலாம். வேடிக்கை என்னவென்றால் தமிழ்ப் பையன்கள் நாலு பேரும் சேர்ந்து ஆடும்போதுகூட இந்த எண் முறைதான் நல்லது. "அங்க அங்க, அந்த மரத்துக்குப் பக்கத்துல" என்று சொன்னால் எந்த மரம்? எரங்கலில் மரத்துக்கா பஞ்சம்?

மைக்கையே போட முடியாத ஒரு கூட்டமும் இருக்கிறது. ஆடுகிற பெண்கள் நிறையப் பேர் குரலைக் காட்டுவதில்லை. பெண் குரல் கேட்டவுடனே ஒருவன் நம்பர் கேட்பான், ஒருவன் ஆபாசமாகப் பேசுவான், மூன்றாமவன் சிரிப்பான். அதனால் ஊமையாக ஆடி, மார்க்கரை மட்டும் போட்டு மேலே வருகிறார்கள். தகவலே கொடுக்க முடியாமல் ஏறுகிற ரேங்க், கூச்சலோடு ஏறுகிற ரேங்க்கை விடக் கனமானது. 'நூப்' என்று யாரைத் திட்டுகிறார்களோ அவர் பல சமயம் மைக்கைப் போட வழியில்லாத நல்ல ஆட்டக்காரராக இருப்பார்.

டீம்மேட் சரியில்லை என்கிற புகாருக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. ரேட்டிங் என்கிற ஏற்பாடே செஸ்ஸிலிருந்து வந்தது. ஆர்பட் எலோ என்கிற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் (பிறந்தது ஹங்கேரி) போட்டுக் கொடுத்த கணக்கை அமெரிக்க செஸ் சங்கம் 1960-லும், உலக செஸ் அமைப்பான ஃபிடே 1970-லும் எடுத்துக் கொண்டன. இரண்டு பேருக்கு நடுவில் 200 புள்ளி வித்தியாசம் என்றால், மேலே இருப்பவர் 100 ஆட்டத்தில் சராசரியாக 76 புள்ளி எடுப்பார் என்று அது எதிர்பார்க்கும். விஸ்வநாதன் ஆனந்த் 1988-ல் கிராண்ட் மாஸ்டர் ஆனதிலிருந்து 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனது வரை தமிழ்நாட்டுக்கு இந்த எண் பழக்கமானதுதான். செஸ்ஸில் ஒரு வசதி, டீம்மேட் கிடையாது. தோற்றால் பழி போட ஆள் இல்லை. அணியாக ஆடுகிற ஆட்டத்தில் ஒவ்வொருவருடைய திறமையையும் எப்படிப் பிரித்துக் கணக்கிடுவது என்று மண்டையைக் குடைந்து மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் எக்ஸ்பாக்ஸுக்காக ட்ரூஸ்கில் என்று ஒன்றை உண்டாக்கினார்கள்.

பிஜிஎம்ஐ அப்படியே எலோ கணக்கு இல்லை. நிறைய நேரம் ஆடுகிறவனுக்கும் அது கொஞ்சம் படியளக்கும். கீழ்ப்படிகளில் மனிதர்களோடு கம்ப்யூட்டர் பாட்களும் ஓடும், சும்மா நின்று சுட்டாலே ஏறலாம். மேலே போகப் போக பாட் குறையும், அதே சாவுக்கு அபராதம் கூடும். ஆனால் அடிப்படை ஒன்றுதான். நூறு ஆட்டத்தில் முன்னூறு ரேண்டம் டீம்மேட்கள் வந்து போகிறார்கள். நல்லவனும் வருகிறான், வீணாப் போனவனும் வருகிறான். எதிரே இருக்கிற 24 ஸ்குவாட்டுக்கும் அதே மாதிரி ஆட்கள்தான் வருகிறார்கள். லெட்ஜரில் எல்லாப் பக்கத்திலும் வருகிற ஒரே பெயர், ஆடுகிறவனுடைய பெயர்தான். நாலாவது பதில் அதுதான், யாரும் சொல்ல விரும்பாதது.

ரேண்டமே வேண்டாம் என்றால் நிலையான ஸ்குவாட் ஒன்று வேண்டும். நாலு நல்ல ஷூட்டர்களைச் சேர்த்தால் நல்ல ஸ்குவாட் ஆகி விடும் என்று நினைப்பதுதான் பொதுவான தப்பு. நாலு பேரும் ரஷ் போகிறவர்களாக இருந்தால் நாலு பேரும் வரிசையாக நாக் ஆவார்கள். ஒருவன் எங்கே போவது என்று சொல்ல வேண்டும், ஐஜிஎல் என்பார்கள். அவன் சொன்னது தப்பென்று தெரிந்தாலும் அந்த நிமிஷம் மூன்று பேரும் அவன் பின்னால் போக வேண்டும். சரியான இடத்துக்கு இரண்டு பேரும் தப்பான இடத்துக்கு இரண்டு பேரும் போவதை விட, தப்பான இடத்துக்கு நாலு பேரும் சேர்ந்து போவது மேல். சண்டையை லாபிக்கு வந்து வைத்துக் கொள்ளலாம். இன்னொருவன் ஸ்மோக் குண்டும் மருந்தும் அதிகம் சுமக்க வேண்டும், பினிஷ் குறைவாக எடுப்பான், ஸ்கோர்போர்டில் பெயர் கீழே இருக்கும். அவனைக் கேலி செய்யாத ஸ்குவாட்தான் ஏறும். அவன் வெளியேறின மறுவாரம் தெரியும் அவன் அருமை.

இந்த மாதிரி ஒரு கூட்டம் சேர்ந்து பழக மாதக் கணக்கில் ஆகும். பழைய பிரவுசிங் சென்டர் காலத்தில் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடியவர்களுக்கு ரேங்க்கே கிடையாது. ஒரே அறை, பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டர், மணிக்கு இவ்வளவு என்று காசு. தோற்றால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆகவே வாய்க்கு ஒரு பூட்டு இருந்தது. பூட்டுக்குப் பேர் போன ஊரில் இன்றைக்கு அதுதான் இல்லை.

ரேங்க்கும் போட்டியும் ஒன்று என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பிஜிஎம்ஐயின் பெரிய போட்டிகளில் 16 அணி ஆடுகிறது. முதலிடத்துக்கு 10 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 6, பிறகு 5, 4, 3, 2, 1, 1. ஒன்பதாமிடத்திலிருந்து பூஜ்யம். ஒவ்வொரு பினிஷுக்கும் 1. அதாவது புதருக்குள் படுத்தே ஏஸ் தொட்டவன் அங்கே போனால் பினிஷ் இல்லாமல் கீழேதான் கிடப்பான். அணி ஆட்டத்தில் இந்தியா மேடை ஏறியதற்கு நல்ல உதாரணம் 2022 பர்மிங்காம் காமன்வெல்த் இ-ஸ்போர்ட்ஸ் சாம்பியன்ஷிப். டோட்டா 2-ல் மொயின் எஜாஸ் தலைமையில் ஐந்து பேர் நியூசிலாந்தை ஜெயித்து வெண்கலம் வாங்கினார்கள். டோட்டாவிலும் குழுவுக்காகத் தன் காசைச் செலவழித்து, தான் ஏழையாகவே இருக்கிற 'சப்போர்ட்' என்கிற பொறுப்பு உண்டு. அவர் இல்லாமல் அணியே இல்லை.

காசு கொடுத்து ரேங்க் ஏற்றித் தருகிறோம் என்பவர்களிடம் ஐடியைக் கொடுத்து விட்டு, பிறகு ஐடியே கைவிட்டுப் போய்ப் புலம்புகிறவர்களும் உண்டு. அப்படியே ஐடி திரும்பி வந்தாலும் கிரவுன் லாபியில் டைமண்ட் கை, நாலு நாளில் இறங்கி விடும். 50 ரூபாய் எண்ட்ரி, ஜெயித்தால் 1000 என்று யுபிஐ எண்ணோடு வரும் ரூம் மேட்ச் விளம்பரங்களில் இன்னும் கவனம் தேவை. பணம் கட்டிப் பணம் எடுக்கிற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனியாக அங்கீகரிக்கிற மத்திய சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ரூம் ஐடி வரும் வரும் என்று காத்திருந்து ஏமாந்த பிறகு, அந்த 50 ரூபாய்க்காக யாரும் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறப் போவதில்லை. அந்த தைரியத்தில்தான் விளம்பரமே போடுகிறார்கள்.

இன்னொன்று, இந்த ரேங்க் யாருடைய சொத்து? 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளை அரசு தடை செய்தது. அக்டோபர் 30-ல் சர்வர் இணைப்பும் போனது. ஊரடங்கில் இரவு பகலாக ஏற்றிய ரேங்க் எல்லாம் ஒரே நாளில் வெறும் ஸ்க்ரீன்ஷாட். 2021 ஜூலை 2-ல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்ப வந்தது, 2022 ஜூலை 28-ல் கடைகளிலிருந்து மறுபடியும் நீக்கப்பட்டது, 2023 மே மாதம் மறுபடியும் வந்தது. நடுவில் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் போனது, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் மட்டும் மிஞ்சியது. தடை இல்லா விட்டாலும் சீசன் முடிந்தால் எல்லோரையும் கீழே இறக்கித்தான் விடும். பேலன்ஸ் ஷீட்டில் இதை எந்தத் தலைப்பில் காட்டுவது என்று எந்த ஆடிட்டராலும் சொல்ல முடியாது. தேய்மானம் மட்டும் நிச்சயம்.

ஆனாலும் 2020 அக்டோபருக்குப் பிறகு எல்லாமே போய் விடவில்லை. சேர்ந்து ஆடிய ஸ்குவாட்களில் சில அப்படியே இருந்தன. எட்டு மாதம் வாட்ஸ்அப் குரூப்பில் சும்மா மொக்கை போட்டுக் கொண்டிருந்து விட்டு, 2021 ஜூலையில் அதே நாலு பேர் அதே பெயரில் இறங்கினார்கள். பழைய கை துருப்பிடித்திருந்தது. யார் எங்கே குதிப்பது, யார் கத்தினால் யார் ஓட வேண்டும் என்பது மறக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் மற்றவர்களுக்கு முன்னால் ஏறினார்கள்.

நாகல் நகர் பையனுக்கு இந்தக் கணக்கில் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கிறது. நவம்பரில் ஒரு செமஸ்டர், ஏப்ரலில் ஒரு செமஸ்டர். சீசன் முடிவு தேதி அதற்காகத் தள்ளிப் போகாது. பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது நாலு பேரில் ஒருவன் "பங்காளி, அரியர் இருக்குடா, நான் வரல" என்பான். அப்போது அவன் இடத்தில் ஒரு ரேண்டமைப் போட்டு ஆட்டத்தைத் தொடர்வதா, இல்லை மூன்று பேரும் கூடவே நிறுத்துவதா என்று ஒரு கேள்வி வரும். நிறுத்தினால் அந்த சீசனின் கிரவுன் போகும். தொடர்ந்தால், அரியர் எழுதி முடித்துத் திரும்பி வருகிறவன் டைமண்டில் இருப்பான், மற்ற மூவரும் மேலே இருப்பார்கள், குரூப்பில் அவனுக்குப் பதில் புதிதாக ஒருவன் "ஹாய் ப்ரோ" என்று உட்கார்ந்திருப்பான். அடுத்த சீசன் தொடங்கி எல்லோரும் கீழே இறங்கும்போது அவனைத் திரும்பக் கூப்பிடுவார்களா, கூப்பிட்டாலும் அவன் வருவானா என்பது ஒவ்வொரு ஸ்குவாட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி.